முதலை உள்ளே கொண்டுவந்த கதை

ஒரு காட்டில் ஒரு செக்கு இருந்தது. சிங்கம் இருந்ததா என்று கேட்காதீர்கள். சிங்கத்துக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. செக்குக்குத்தான் வேலை.

ஆற்றை ஒட்டிய காடு அது. இலுப்பை மரங்கள் நிறைய. வௌவால்கள் பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கீழே துப்பும். அணில்கள் அதைப் பொறுக்கிக் காயவைத்து உடைத்துக் கொடுக்கும். எருமைக்கடா ஒன்று செக்கைச் சுற்றும், எண்ணெய் வழியும். கொட்டை இனாம், மரம் இனாம், செக்கோ எந்தக் காலத்திலோ மனிதர்கள் விட்டுவிட்டுப் போனது. ஆக, யாரும் எதுவும் போடாமல் தொடங்கிய தொழில். அதனால் 'முதல்' என்ற சொல்லுக்கு 'ஒன்றாவது' என்பதைத் தவிர வேறு பொருள் உண்டு என்பதே அந்தக் காட்டில் யாருக்கும் தெரியாது. வந்த வினை எல்லாம் இதனால்தான் வந்தது.

செக்கு யாருடையது? எல்லாருடையதும்தான். 'காட்டுப் பொதுச் செக்கு' என்று பலகையே மாட்டியிருந்தார்கள். பொது என்ற சொல்லுக்கு ஒரு குணம் உண்டு. அதைப் படித்தவுடனே கையில் ஒரு பானை முளைத்துவிடும். எண்ணெய்க்கு மீனோ தானியமோ கொடுக்க வேண்டும் என்பது விதி. "நம்ம செக்குதானே, அம்மணி" என்று சொல்லிவிட்டுப் பானையை நீட்டுவது வழக்கம். விதியும் வழக்கமும் மோதினால் எது ஜெயிக்கும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

செக்கைப் பார்த்துக்கொண்டவள் முள்ளம்பன்றி பழனாத்தாள். காட்டுச் சபை அவளுக்குச் செயலாளர் என்று பட்டம் கொடுத்திருந்தது. சம்பளம் கொடுக்க மறந்துவிட்டது. கறாரான பெண்தான், ஆனால் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்ல வராது. உடம்பெல்லாம் முள் இருந்து என்ன பிரயோசனம், நாக்கில் ஒன்றுகூட இல்லையே என்று அவளே நொந்துகொள்வாள்.

அவளுக்குச் செக்கைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அதன் பெயர் சென்னிமலை. செக்கைச் சுற்றும் எருமைக்கடா. மாட்டுச் சந்தையில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவந்து மூங்கில் புதருக்குள் நடுங்கிக்கொண்டு நின்ற கிழவன். ஊர் மாட்டை உள்ளே விட்டால் பின்னாலேயே ஊர்க்காரனும் வருவான் என்று சபையில் எல்லாரும் முறைத்தார்கள். "செக்கைச் சுத்தட்டுமுங்க. சுத்துற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்" என்று பழனாத்தாள்தான் கெஞ்சி இடம் வாங்கிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவன் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான், வயதில் அவனே மூத்தவன் என்றாலும். செக்கு சுற்றும் வரை அவனுக்குக் காடு. செக்கு நின்றால் சந்தை. சந்தைக்குப் போன கிழ எருமை என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். அதை அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை.

அப்படியிருக்க, கூலித் தானியம் வரவில்லை என்று அணில்கள் கொட்டை உடைப்பதை நிறுத்திவிட்டன. சபை கூடியது. தலைவர் கரடி வேலப்பன் எழுந்து நின்றார். தலையிலிருந்து கால்வரை எண்ணெய்ப் பூச்சில் மினுமினுத்தார்.

"நட்டத்துல ஓடுற செக்கு எதுக்குங்கறேன்? மழைக்கு முன்னால மூடிப் போடலாம்" என்றார். சொல்லும்போதே மீசையிலிருந்து ஒரு சொட்டு இலுப்பெண்ணெய் கீழே விழுந்தது.

பழனாத்தாள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அந்த நேரத்தில்தான் வானத்திலிருந்து ஒரு புறா வந்து இறங்கியது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது.

புறாவின் பெயர் இன்பவாணன். ஆற்றின் கீழ்ப்பக்கம், ஊர் ஓரத்தில், கிராமத் தொழில்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நிறுவனம் ஒன்று இருந்தது. அதன் வகுப்பறை வென்டிலேட்டரில் பிறந்து வளர்ந்தவர் அவர். முட்டைக்குள் இருந்தபோதே நிதி மேலாண்மை கேட்டவர். கேட்டுக் கேட்டு ஒரு நாள் தானே வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டார். அவர் பேசுவது அச்சடித்த தமிழ். 'வாங்க' என்று சொல்லமாட்டார், 'வருக' என்பார்.

"பொதுத் தொழில்களை வலுப்படுத்த நிதிப் பயிற்சியும் பணியிடப் புதுமைப் பயிற்சியும் அளிக்கிறோம். முற்றிலும் இலவசம். மதிய உணவு உண்டு" என்றார் புறா.

நிதி என்பது யாருக்கும் விளங்கவில்லை. மதிய உணவு விளங்கியது. காடே திரண்டு வந்தது.

பயிற்சி நாள் அன்று ஆளுக்கொரு துணிப்பை, ஒரு பேனா, ஒரு மிக்சர் பொட்டலம். அணில்கள் பேனாவை மிக்சர் என்று நினைத்துக் கடித்தன. சார்ட் பேப்பரை ஆலமரத்தில் ஒட்டினார்கள். புறா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஒரு தொழில் ஏன் நலிகிறது? முதலை உள்ளே கொண்டுவராததனால் நலிகிறது. ஆகவே முதல் வேலையாக, முதலை உள்ளே கொண்டுவாருங்கள்."

ஆலமரத்தடியில் மிக்சர் கொறிக்கும் சத்தம் நின்றது. இரண்டு அணில்கள் மயங்கி விழுந்தன.

அச்சடித்த தமிழில் எல்லா வசதியும் உண்டு, ஒரு கஷ்டமும் உண்டு. முதல் என்ற சொல்லோடு ஓர் 'ஐ'யைச் சேர்த்தால் ஆற்றிலிருந்து ஒரு பிராணி எழுந்து வந்துவிடும். புறாவுக்கு அந்தப் பிராணி நினைவுக்கு வரவில்லை. காட்டுக்காரர்களுக்கோ அதைத் தவிர வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை. நடுநடுவே அவர் 'முதல்' என்று மட்டும் சொன்னபோதுகூட, ஊர்ப்பக்கம் கடைசி எழுத்தை முழுங்கிவிடுவார்கள் போலிருக்கிறது என்று மரியாதையோடு புரிந்துகொண்டார்கள்.

பழனாத்தாள் மெல்ல எழுந்தாள். "ஐயா, உசுரோட இருக்கறதுங்களா?"

புறா சிறகை அடித்துக்கொண்டார். "ஆகா, அருமையான கேள்வி! பயன்படாமல் முடங்கிக் கிடந்தால் அது செத்த முதல். நமக்கு வேண்டியது உயிருள்ள முதல்."

"பயமா இருக்குதுங்களே."

"முதலைக் கண்டு அஞ்சுகிறவர்களால் தொழில் செய்ய முடியாது, அம்மா."

"எங்கீங்க கெடைக்கும்?"

"உங்கள் பகுதியிலேயே எங்காவது முடங்கிக் கிடக்கும். தேடுங்கள்."

தேட என்ன இருக்கிறது? ஆற்று மடுவில் ஒன்று பல வருஷமாக முடங்கித்தான் கிடந்தது. மான்கள் தண்ணீர் குடிக்கப் போகும் வழியையே அதற்காக மாற்றி வைத்திருந்தன.

மதியம் தயிர்சாதம். சாப்பிட்டபின் பணியிடப் புதுமை. பாதிப் பேர் தூங்கினாலும் பழனாத்தாள் ஒரு சொல் விடாமல் கேட்டாள். முதலைச் சும்மா ஓர் இடத்தில் கிடக்க விடக்கூடாது, சுழல விட வேண்டும். வரும் லாபத்தை வெளியே எடுக்காமல் முதலுக்கே போட வேண்டும். எக்காரணம் கொண்டும் முதலில் கை வைக்கக்கூடாது. இதை மட்டும் சொல்லித் தெரியவேண்டுமா என்று எல்லாரும் தலையாட்டினார்கள். கடைசியாகப் புறா சொன்னார்: "வேலை செய்யும் இடத்தில் பழையது ஒன்றைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் புதியது ஒன்றை வையுங்கள். உற்பத்தி தானாகக் கூடும்."

குழுப் புகைப்படம் எடுத்தார்கள். கருத்துப் படிவம் கொடுத்தார்கள். எல்லாரும் 'மிக நன்று' என்ற கட்டத்தில் கால் ரேகை வைத்துவிட்டு, மிச்ச மிக்சரைப் பையில் போட்டுக்கொண்டு கலைந்தார்கள். முதலையை அழைத்துவரும் பொறுப்பைச் சபை ஒருமனதாகப் பழனாத்தாளுக்குக் கொடுத்தது. நல்ல காரியம் எதுவும் அவளுக்கு இவ்வளவு ஒருமனதாகக் கிடைத்ததில்லை.

மடுவின் ஓரத்துப் பாறைமேல் அவள் போய் நின்றாள். திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. ஆனால் சந்தையை நினைத்துக்கொண்டாள். கூப்பிட்டே விட்டாள்.

"ஏனுங்க... தூங்கறீங்களா?"

தண்ணீருக்குமேல் இரண்டு கண்கள் வந்தன.

"யாரு? வழி தவறி வந்தியா?"

"இல்லீங்க. உங்களை அழைச்சுட்டுப் போகத்தான் வந்தனுங்க. எங்க செக்குக்கு நீங்க வரோணும்."

முதலை பாறை ஓரமாக நீந்தி வந்தது. முட்டையை உடைத்து வெளியே வந்த நாளிலிருந்து அதை யாரும் எங்கேயும் அழைத்ததில்லை. அதன் கண்ணில் நீர் வந்தது. அது எந்த வகைக் கண்ணீர் என்பதை உங்கள் முடிவுக்கே விட்டுவிடுகிறேன்.

"என்ன வேலை?"

"சும்மா உக்காந்துட்டு இருக்கோணுமுங்க."

"சம்பளம்?"

"வர்ற லாபம் பூராவும் உங்களுக்குத்தானுங்க."

"உக்காந்துட்டு இருந்தா லாபம் பூராவும் எனக்கா?" முதலை கரைக்கு ஏறிவந்தது. "இதுக்குப் படிச்சவங்க யாரோ யோசனை சொல்லிருக்கோணுமே?"

"ஆமாங்க, பயிற்சி குடுத்தாங்க."

"நல்ல பயிற்சி" என்றது முதலை.

இப்போது செக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாடு இழுக்கும் நீளக் கட்டையான ஏர்க்காலில் ஒரு பலகை இருக்கும். அதன்மேல் கனம் வைத்தால்தான் உலக்கை அழுந்தி எண்ணெய் பிழியும். அங்கே ஒரு பாறாங்கல் வைத்திருந்தார்கள். பழனாத்தாள் கல்லைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் முதலையை உட்காரவைத்தாள். பழையது போய்ப் புதியது வந்தாயிற்று. பலகை செக்கோடு சுற்றுவதால் முதலும் சுழலும். ஒரே ஏற்பாட்டில் இரண்டு பாடத்தையும் நிறைவேற்றிவிட்ட திருப்தி அவளுக்கு.

சென்னிமலை மேய்ச்சலிலிருந்து வந்தான். தலை சுற்றாமல் இருக்கச் செக்கு மாட்டின் கண்ணைத் துணியால் கட்டுவது வழக்கம். கட்டுவதற்கு முன்னால் அவன் பலகையைப் பார்த்துவிட்டான்.

"ஏனுங்க்கா, அது..."

"மொதலு, தம்பி. பயிற்சியில சொன்னாங்கல்ல. நம்ம தொழிலுக்கு நல்லது."

"என் பின்னாலயேவா உக்காரும்?"

"அதுதான் புதுமையாமா."

கண்ணைக் கட்டினாள். முதலை அவன் பின்னங்கால் பக்கமாக மூச்சு விட்டது. அவ்வளவுதான். வாழ்நாளெல்லாம் ஆடி அசைந்து நடந்த சென்னிமலை ஓடினான். செக்கு கீச்சிட்டது, உலக்கை குதித்தது, எண்ணெய் ஊற்றாக வந்தது. கூலி கேட்டு நின்ற அணில்களும் முதலையைப் பார்த்தபிறகு மரத்துக்குப் போக நேரமில்லாமல் கொட்டை உடைத்தன. இப்படி ஒரு உற்பத்தியை அந்தக் காடு கண்டதே இல்லை.

மறுநாள் தலைவர் வேலப்பன் பெரிய பானையோடு வந்தார். "நம்ம செக்குதானே, அம்..." என்றவர் பலகையில் இருந்ததைப் பார்த்தார். அது வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டது. தலைவர் போனார். திரும்பி வந்தபோது ஒரு கூடை மீன் கொண்டுவந்தார். பழைய பாக்கிக்கு இன்னொரு கூடை. கேட்காமலே. ரொம்ப நாளாக மனசில் இருந்தது, ஞாபகமறதியால் தள்ளிப்போயிற்று என்றார். அந்த வாரம் காட்டில் அத்தனை பேருக்கும் ஞாபகசக்தி திரும்பிவிட்டது.

பழனாத்தாளுக்கு வாயெல்லாம் பல். செக்கை மூடும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அணில்களுக்குக் கூலி கொடுத்தது போக, பாடத்தின்படியே லாபத்தை முதலுக்குப் போட்டாள். கூடை கூடையாக மீன் போட்டாள். பயிற்சி நிறுவனத்துக்கு அறிக்கை அனுப்பினாள்: 'முதல் நன்றாகப் பெருத்து வருகிறது.' பதிலுக்குப் பாராட்டுச் சான்றிதழ் ஒன்று வந்தது, சட்டம் போட்டு.

ஆனால் பெருகும் பொருளுக்குப் பசியும் பெருகும் அல்லவா? முதலையின் வால் பலகையில் அடங்காமல் தரையில் இழைந்தது. வந்தபோது கூடை மீனுக்கு நன்றி சொன்ன வாய், பிறகு இவ்வளவுதானா என்றது. அதற்கும் பிறகு, "மீன்ல ருசியே இல்லை" என்றது.

ஒரு நாள் சாயங்காலம் அது பழனாத்தாளைக் கூப்பிட்டது.

"செக்கு யாருது?"

"எல்லாருதுமுங்க. பொதுச் செக்கு."

"அப்படியா? நான் வர்றதுக்கு முன்னாடி இது எப்படி ஓடுச்சு?"

"ஓடலீங்க."

"இப்ப?"

"ஓடுதுங்க."

"அப்ப யோசிச்சுப் பாரு. முதலுதான் ஆளுது. இனிமேல் என்னை முதலாளின்னு கூப்பிடு" என்றது முதலை. பிறகு சென்னிமலை இருந்த பக்கம் பார்த்துக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னது: "அந்த எருமைக்கு மூச்சு வாங்குது. அமாவாசை வரைக்கும் ஓடட்டும். அப்புறம் எனக்குக் குடுத்துரு. வேற மாடு பாத்துக்கலாம்."

பழனாத்தாள் அங்கே நிற்கவில்லை. சந்தைக்குப் போகாமல் காப்பாற்றியவனைத் தானே கூப்பிட்டு உட்காரவைத்த வாய்க்குக் கொடுப்பதா? தொழுவத்துக்குப் போனாள். சென்னிமலை கால்களில் குளம்பு தேய்ந்து ரத்தம் கசிந்திருந்தது. அவள் இலுப்பெண்ணெயைக் காய்ச்சித் தடவினாள். அழுதுகொண்டேதான் தடவினாள்.

"ஏனுங்க்கா அழுகறீங்க? செக்கு நல்லா ஓடுதே" என்றான் அவன். "நான் இன்னும் கொஞ்சம் வேகமா ஓடறனுங்க. பொழைச்சுக்கலாம்."

அவள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். சபையில் போய்ச் சொன்னாள். சபை ஆழ்ந்து யோசித்தது. "எருமை ஊர் மாடுதானே" என்றார் தலைவர் வேலப்பன். "முதலுக்கே மோசம் வந்துரப் போகுது, அம்மணி. முதலாளி மனசு கோணாம பாத்துக்க." ஒரு பயிற்சியில் எவ்வளவு கற்றுக்கொண்டுவிட்டார் பாருங்கள்.

அமாவாசைக்கு முந்தின நாள் காலையில் புறா இன்பவாணன் ஆய்வுக்கு வந்தார். சென்னிமலை குளத்துப்பக்கம் மேய்ந்துகொண்டிருந்தான். முதலை செக்குக்கொட்டகைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. புறா வாசல் வேப்பமரக் கிளையில் உட்கார்ந்து கேள்வித்தாளைப் பிரித்தார்.

"முதல் எவ்வாறு இருக்கிறது?"

"கொழுத்துப் போச்சுங்க."

"மிக்க மகிழ்ச்சி. எந்த அளவுக்கு?"

"வந்தப்பப் பலகைக்குள்ள அடங்குச்சுங்க. இப்ப வால் தரையில கிடக்குது."

இது ஏதோ வட்டாரச் சொலவடை என்று புறா குறித்துக்கொண்டார். "நல்லது. சங்கத்தில் யாரேனும் முதலை விழுங்கிவிட்டார்களா? பல இடங்களில் நடப்பதுதான், வெட்கப்படாமல் சொல்லலாம்."

"இல்லீங்க. அதுதான் விழுங்கிரும்போல இருக்குதுங்க."

"எது?"

"மொதலுதானுங்க."

"யாரை?"

"செக்குச் சுத்தறவனை."

புறா கண்ணை மூடிச் சிந்தித்தார். "முதல் உழைப்பாளியை விழுங்குகிறது என்கிறீர்கள். ஆழமான கருத்து, அம்மா. நானும் இளம்வயதில் அப்படியெல்லாம் பேசியவன்தான். ஆனால் பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை." கேள்வித்தாளில் ஒரு கோடு போட்டுவிட்டுத் தொடர்ந்தார். "ஒரே ஒரு எச்சரிக்கை. முதல் பெருத்திருக்கும் நேரத்தில் பல பேர் கடன் கேட்டு வருவார்கள். முதலை யாருக்கும் கடனாகக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் திரும்பியே வராது."

பழனாத்தாள் உடம்பில் அத்தனை முள்ளும் எழுந்து நின்றது.

"வரவே வராதுங்களா?"

"வராது."

"நெசமாலுங்களா? ரெண்டு மூணு வருஷம் கழிச்சுக்கூட?"

"என் அனுபவத்தில் வந்ததே இல்லை."

"அப்படீன்னா, ஐயா," அவள் கிளைக்கு நேர் கீழே ஓடிவந்து நின்றாள், "எங்க மொதலு பூராவும் உங்க நிறுவனத்துக்கே கடனாக் குடுத்தர்றமுங்க. இன்னைக்கே கூட்டிட்டுப் போயிருங்க."

புறா கேள்வித்தாளை மடித்துவைத்தார். காடு காடாகப் பறந்து முதலைப் பற்றி வகுப்பெடுத்தவர்தான், ஆனால் அந்த நிறுவனத்தில் சுவரொட்டி வாங்கவே முதல் கிடையாது. பயிற்சி பெற்ற ஒரு சங்கம் பயிற்சி கொடுத்தவர்களுக்கே முதல் கொடுப்பதா? இது அடுத்த ஆண்டறிக்கையின் அட்டைப்படம். அவசர அவசரமாக ரசீது எழுதினார்: 'முதலைப் பெற்றுக்கொண்டேன்.' கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திவிட்டார்.

"எங்கே அது?" என்றார்.

பழனாத்தாள் கொட்டகைக் கதவைத் திறந்தாள்.

புறா பார்த்தார். முதலை ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. அந்த ஒரு கணத்தில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சார்ட் பேப்பர் புரிந்தது, மயங்கி விழுந்த அணில்கள் புரிந்தன, வால் தரையில் கிடப்பதும் புரிந்தது. அதே கணத்தில், இந்தக் காட்டின் வெற்றியைக் காட்டித் தான் வாங்கிய சிறந்த பயிற்றுநர் விருதும், தலைமையகத்துக்கு அனுப்பிவிட்ட அறிக்கையும் நினைவுக்கு வந்தன. தவறை ஒப்புக்கொள்வதற்கு ஒரு படிவமும் அவர் நிறுவனத்தில் இல்லை.

"அருமையான முதல்" என்றார் புறா, இரண்டு கிளை மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு. "எங்களோடு வருக."

"முதலாளின்னு சொல்லு" என்றது முதலை. "என்னை எங்க கூப்பிடறீங்க?"

"எங்கள் நிறுவனத்துக்கு, ஐயா. ஆற்றோடு போனால் பின்வாசல் வந்துவிடும். தோட்டத்தில் தாமரைக்குளம் இருக்கிறது."

"சாப்பாடு?"

புறா இன்னும் ஒரு கிளை மேலே போனார். "ஒவ்வொரு தொகுதிக்கும் நாற்பது பேர் பயிற்சிக்கு வருவார்கள்."

"நாப்பதா?" முதலை எழுந்துவிட்டது. "எல்லாரும் உள்ள வந்தப்புறம் கதவைச் சாத்திருவீங்களா?"

"வகுப்பு முடியும்வரை யாரும் வெளியே போகக்கூடாது என்பது விதி."

முதலை பழனாத்தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரிய இடத்துக்குப் போகும்போது யார்தான் பார்க்கிறார்கள். சரசரவென்று இறங்கி ஆற்றோடு போய்விட்டது. அந்த நிறுவனத்தில் இப்போது பயிற்சிகள் மிகவும் ஒழுங்காக நடப்பதாகக் கேள்வி. நடுவில் எழுந்து டீ குடிக்கப் போகிறவர்களே கிடையாதாம்.

பழனாத்தாள் கரையில் நின்று அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்தாள். பிறகு குதித்தாள். அந்த வயதில் ஒரு முள்ளம்பன்றி அப்படிக் குதித்து நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். சென்னிமலையிடம் சொல்ல வேண்டும். "போயிருச்சு தம்பி, இனி மெல்லவே நடக்கலாம்" என்று சொல்ல வேண்டும். குளத்துக்கு ஓடலாம் என்று திரும்பினாள்.

எதிரே தலைவர் வேலப்பன் வந்துகொண்டிருந்தார். வழியில் ஆற்றில் எதையாவது பார்த்தாரோ, வெறும் சந்தேகமோ தெரியாது. கையில் ஒரு பானை இருந்தது. மீன் கூடை இல்லை. வெறும் பானை. முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு.

பழனாத்தாளுக்கு அந்தச் சிரிப்பிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. நம்ம செக்குதானே, அம்மணி. அணில்களுக்குக் கூலி இருக்காது. செக்கு நிற்கும். மழைக்கு முன்னால் மூடலாம் என்பார்கள். மறுபடியும் சந்தை.

கொட்டகைக்குள் ஓடினாள். மூலையில் கிடந்த ஒரு கருவேல மரக்கட்டையை உருட்டிப் பலகைமேல் ஏற்றினாள். மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினாள். சொரசொரப்பான முனை மட்டும் கொஞ்சம் வெளியே தெரியும்படி விட்டாள். அதற்குள் மேய்ச்சல் முடிந்து சென்னிமலை பின்பக்கமாக வந்து, வழக்கம்போலத் தன் இடத்தில் தலைகுனிந்து நின்றுவிட்டான். பலகைப் பக்கம் பார்ப்பதை அவன் விட்டு ரொம்ப நாளாயிற்று. இருந்தாலும் அவசர அவசரமாக அவன் கண்ணைக் கட்டினாள். கதவு திறந்தது.

"அம்மணி, முதலாளி இருக்கறாருங்களா?" என்றார் தலைவர், பானையை முன்னால் நீட்டிக்கொண்டு.

"தூங்குறாருங்க" என்றாள் பழனாத்தாள். நாக்கில் முதல்முறையாக ஒரு முள் முளைத்ததை அவளே உணர்ந்தாள். "சாக்குக்குள்ள இருக்கறாரு. எழுப்பட்டுங்களா?"

பானை பின்னால் போயிற்று. மீன் கூடை அரைமணி நேரத்தில் வந்து சேரும் என்றார் தலைவர்.

முதலாளி தூங்குகிறார் என்று தலைவர் காதில் விழத்தான் அவள் சொன்னாள். ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு நின்ற சென்னிமலையின் காதிலும் விழுந்துவிட்டது.  அவன் ஓட ஆரம்பித்தான்.

தலைவர் போகட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். தலைவர் போனார். வாசலில் அணில்கள் கூலிக்கு நின்றன. அவை போகட்டும் என்று நினைத்தாள். எண்ணெய் நன்றாக வந்துகொண்டிருந்தது. இத்தனை நல்ல எண்ணெய் வரும்போது நிறுத்துவதா? வியாழக்கிழமை எண்ணெய் விற்பனை முடியட்டும், அப்புறம் உட்காரவைத்து நிதானமாகச் சொல்லலாம் என்று முடிவுசெய்தாள்.

சுற்றிக்கொண்டே சென்னிமலை மூச்சிரைக்கக் கேட்டான். "ஏனுங்க்கா, பின்னால இருக்கறாருங்களா?"

பழனாத்தாள் சாக்கைப் பார்த்தாள். அவன் கால்களைப் பார்த்தாள். பாவி, பாவி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். உண்மையாகவே நெஞ்சு வலித்தது அவளுக்கு.

"இருக்கறாரு தம்பி" என்றாள். "நீ முன்னால பாத்து ஓடு."

நீதி: தொழில் நடத்த முதல் தேவையில்லை, முதல் பின்னால் உட்கார்ந்திருக்கிறது என்று ஓடுகிறவன் நம்பினால் போதும். உண்மையைச் சொல்ல வியாழக்கிழமை வரும். அதற்கு அடுத்த வியாழக்கிழமையும் வரும்.